பெரட்டுக்கு வந்த மின்னஞ்சல்

மின்னஞ்சல் எப்படி ஓடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள ராசம்மாவுக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. அதிலும் எட்டு நிமிடம் கரண்டு இல்லை.

அது 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஹஸீப் நானாவின் கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, வெளிநாட்டு டெலிபோன், இன்டர்நெட் எல்லாம் ஒரே அறையில். ராசம்மா பூனாகலைக்கு அப்பால் மூங்கில்மலைத் தோட்டத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு சின்னத் தொழில் இருந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கோடிக் காம்பிராவில், அதாவது கடைசி அறையில், நாலு தையல் மெஷின் போட்டு, தேயிலை நிரப்பும் சுருக்குப் பைகளைத் துணியில் தைத்து விற்றாள். தொழிலின் பெயர் தளிர். அவளோடு ஆறு பெண்கள் தைத்தார்கள். ஆறு பேரும் அவள் பேச்சை நம்பித் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவர்கள். பேர் வெட்டுவது என்றால், செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள்பதிவுப் புத்தகத்தில் இருந்து பெயரை எடுத்துவிடுவது. அதற்கு ஒரு கோடு போதும்.

பண்டாரவளையில் ஒரு கண்காட்சியில் அந்தப் பையைப் பார்த்த பெல்ஜியம் நாட்டுத் தேயிலைக் கடைக்காரி ஒருத்தி, மாதம் இரண்டாயிரம் பை வேண்டும் என்று கடிதம் எழுதிக் கையில் கொடுத்திருந்தாள். நிபந்தனை ஒன்றுதான். ஓடர் படிவம் தொழிலின் சொந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும். ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் இலவச முகவரிகளுக்கு அவர்களுடைய கம்பனி எழுதாது. அவற்றில் இருந்து வருவதை அவர்களுடைய இயந்திரம் வாசலிலேயே தள்ளிவிடும். ஒக்டோபர் முதல் வாரம் படிவம் வரும். பதினாலு நாளுக்குள் பதில் போக வேண்டும்.

“தங்கச்சி, பேர் வேற, பெட்டி வேற,” என்றார் ஹஸீப் நானா. அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் போட்டோ கொப்பிக்கு நிற்கிறவர்களும் வந்த வேலையை மறந்து கேட்பார்கள். “தளிர் எண்ட பேர வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிற. அது கடைக்கு மேல தொங்குற பலகை மாதிரி. பலகைக்குள்ள கடிதம் விழுமா? அதுக்கு ஒரு பெட்டி வேணும். அந்தப் பெட்டிய வெச்சிக் காவல் காக்கிறதுக்கெண்டே கம்பனிகள் இரிக்கி.”

இதில் உள்ள அழகை அவர் ஒரு பழைய பில்லின் முதுகில் வரைந்தும் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கம்பனியின் இயந்திரத்தில் போடுக. உலகத்தின் எந்த மூலையில் இருந்து எழுதினாலும், அனுப்புகிற இயந்திரம் முதலில் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டுத்தான் கடிதத்தை நகர்த்தும். பெட்டிக்காரன் சரியில்லை என்றால் குறிப்பை மாற்றி எழுதி வேறொரு பெட்டிக்காரனிடம் போகலாம். பெயர் அப்படியே இருக்கும். எழுதுகிறவருக்கு நடந்தது தெரியவே தெரியாது.

பெட்டிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கொழும்புக் கம்பனியில் டெலிபோன் எடுத்துப் பேசலாம், ஆனால் பெட்டி சிறியது. நாலு படம் விழுந்தால் நிறைந்து, அடுத்த கடிதம் வந்த வழியே திரும்பும். சென்னைக் கம்பனியில் பெட்டி பெரியது, ஆனால் மாதத்தில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். அமெரிக்கக் கம்பனியில் பேச ஆள் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

“நானா, எங்க தோட்டத்துல மழ பேஞ்சா கரண்டு போயிரும். மூணு நாளைக்கு வராது. அப்ப கடுதாசி எங்க இருக்கும்?”

ஹஸீப் நானாவின் முகம் மலர்ந்தது. “முப்பது பேருக்கு இத விளங்கப்படுத்தியிருக்கேன். ஒருத்தரும் இந்தக் கேள்விய கேக்கல்ல. அது பெட்டிக்காரன்ட மெஷின்ல பத்திரமா இரிக்கும். நீங்க மூணு நாள் கழிச்சி இங்க வந்து தொறந்தாலும் இரிக்கும்.”

“அப்ப அமெரிக்காக்காரன்கிட்டயே எடுங்க. அந்தம்மா பையோட படமெல்லாம் அனுப்புறேன்னிருக்கு. சின்னப் பொட்டி பத்தாது.”

தெரிவு முடிந்தது. ஹஸீப் நானா விசைப்பலகையில் கை வைத்தவர், திடீரென்று நிறுத்தினார். “ஒண்டு கேக்க மறந்துட்டேன். நீங்க சபையில பதிஞ்ச ஆளா?”

அவள் பதிந்த ஆள்தான். ஊவா சிறுதொழில் நவீனமயமாக்கல் சபையின் சான்றிதழ் இல்லாமல் ஒரு பை கூடக் கப்பல் ஏறாது. சபையின் பதினாலாம் விதி, பதிவுபெற்ற தொழில்கள் நவீன சாதனம் எதையும் சபையின் தெரிவு முறைக்கு வெளியே பெற்றுக்கொண்டால் பதிவு ரத்தாகும் என்று சொன்னது.

“போய்ச் சொல்லிட்டு வந்திருங்க,” என்றார் ஹஸீப் நானா. “பத்து நிமிஷ வேல.”

சபையின் பணிப்பாளர் பரமலிங்கம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இருபது வருடமாகப் பதுளையில் இருப்பவர். கடுமையான மனிதர் அல்ல. தன் அறைக்கு வருகிற எவரையும் உட்காரச் சொல்லாமல் விட்டதில்லை. அவருடைய மேசையில் ஒரு கம்பியூட்டர் பூப்போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைக் கழற்றுவதற்கு ஒரு பதிவேடு உண்டு; அதில் இதுவரை ஒரே ஒரு பதிவு, துவைப்பதற்காக.

“இருங்கோ பிள்ளை. நீங்கள் தெரிவு செய்திட்டன் எண்டு சொல்லுறியள். உங்களுக்குத் தேவை இருக்கலாம். அது நியாயம். தெரிவு எங்கட வேலை.”

“சரிங்க ஐயா. நீங்களே தெரிவு செய்யிங்க. அமெரிக்காக்காரன் நல்லாருக்குன்னு நானா சொன்னாரு.”

“கடைக்காரர் சொல்லலாம். அவருக்குப் பொறுப்பில்லை. இந்தச் சபை பதினொரு வருஷமா ஒரு பிழையான முடிவும் எடுக்கேல்லை.”

ராசம்மா பிறகு விசாரித்ததில், பதினொரு வருடத்தில் சபை எடுத்த முடிவுகள் இரண்டு. இரண்டும் கூட்டத்தை ஒத்திவைப்பது.

இங்கே சபை வேலை செய்யும் விதத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் மின்னஞ்சலைப் போல ஒரு நுட்பமான ஏற்பாடு. முதலில் கேள்விமனு, அதாவது டெண்டர், கோரப்படும். விண்ணப்பிக்கும் கம்பனிகள் முத்திரையிட்ட உறையைத் தகரப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி திறக்கும்போது அவர்களுடைய பிரதிநிதிகள் முன்னால் நிற்க வேண்டும். ஹஸீப் நானா மூன்று கம்பனிகளின் விலையையும் இன்டர்நெட்டில் இருந்து அச்செடுத்து, மூன்று உறையில் ஒட்டிக் கொடுத்தார். ஆகஸ்ட் முப்பதாம் திகதி காலை பத்து மணிக்குப் பெட்டி திறக்கப்பட்டது. அமெரிக்கக் கம்பனியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பணிப்பாளர் பெருந்தன்மையாகப் பதினொன்றேகால் வரை காத்திருந்தார். பஸ் பிந்தியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் குறிப்பில் ஏறியது.

அடுத்தது தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு. பணிப்பாளர் தலைவர். ஓய்வுபெற்ற தபால் அதிபர் றஹீம் கடித விவகார நிபுணர். மாவட்டக் கால்நடை வைத்தியர் விஞ்ஞானப் பிரதிநிதி. கம்பியூட்டர் படித்த ஒருத்தியும் அறையில் இருந்தாள்: சபையின் எழுதுவினைஞர் நிசாந்தினி, இரண்டு வருட டிப்ளோமா. குறிப்பு எடுப்பவர் கூட்டத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியின்படி அவள் குறிப்பு எடுத்தாள்.

மதிப்பீட்டுக்குப் புள்ளிப் படிவம் வேண்டும். சபையில் அங்கீகாரம் பெற்ற படிவம் ஒன்றே ஒன்று இருந்தது. 1997இல் வெளிக்கள அலுவலர்களுக்கு மழைக்கோட்டு வாங்க யோசித்தபோது தயாரித்தது. புதிய படிவத்துக்கு அங்கீகாரம் பெற எட்டு மாதம் ஆகும் என்பதால், ராசம்மாவின் அவசரத்தை மனதில் கொண்டு, மழைக்கோட்டுப் படிவத்தையே பாவிப்பதென்று முடிவானது. அவள் நன்றி சொன்னாள்.

நீர் புகாமைக்கு முப்பது புள்ளி. அமெரிக்கச் சேவை பற்றி ஆதாரம் எதுவும் சமர்ப்பிக்கப்படாததால் பூச்சியம். கொழும்புச் சேவையின் விளம்பரத் தாள் வழுவழுப்பானதாக இருந்தது. கால்நடை வைத்தியர் அதன்மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பதினெட்டுக் கொடுத்தார். மடித்து வைக்கும் வசதியில் மூன்றும் சமம். சென்னைச் சேவை நிறத்தில் முந்தியது.

தபால் அதிபர் றஹீம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “திகதி முத்திரை ஆர் குத்துற?”

“அதுவே தேதி போட்டுக்கும்ங்களாம் ஐயா,” என்றாள் ராசம்மா.

“கடிதமே தனக்குத் தேதி போடுறதா? அப்ப தபால் அதிபர் எனத்துக்கு?”

முப்பத்து நாலு வருடம் முத்திரை குத்திய கை மேசைமேல் இருந்தது. நிசாந்தினி மட்டும் பேனாவை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். பணிப்பாளர் அவளைப் பார்த்ததும் குனிந்து எழுதினாள். கடிதங்கள் போய்ச் சேரும் இடத்தை நேரில் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை என்று கூட்டம் கலைந்தது.

செப்டம்பர் பதினைந்தாம் திகதி குழு வேனில் மூங்கில்மலைக்கு வந்தது. வழியில் பண்டாரவளையில் சோற்றுப் பார்சல் கட்டியிருந்தார்கள். கோடிக் காம்பிராவின் நீள அகலத்தை அளந்தார்கள். ஆறு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கால்நடை வைத்தியர் பின்னால் கட்டியிருந்த பசுவைப் பார்த்து, மடி வீக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த விஜயத்தில் யாருக்காவது ஏதாவது நன்மை நடந்தது என்றால் அந்தப் பசுவுக்குத்தான்.

“கடிதப் பெட்டி எங்க?” என்றார் றஹீம்.

“லயத்துக்குக் கடுதாசிப் பொட்டி கெடையாதுங்க. எங்க கடுதாசியெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்.”

அதைக் கேட்டதும் குழு முழுவதும் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தது. பெரிய கிளாக்கர் எழுந்து நின்று முறையை விளக்கினார். லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தெருவும் கிடையாது. எல்லோருடைய கடிதமும் ஒரே பையில் ஆபீசுக்கு வரும். தபால்காரர் கொண்டு வந்த பையைக் கிளாக்கர் திறப்பார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், கடிதம் வந்தவரின் பெயரும் கூப்பிடப்படும். ஆள் வந்து வாங்கிக்கொள்ளும்.

“எப்ப தொடங்கின முறை?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“வெள்ளக்காரன் காலத்துலேர்ந்துங்க சார்.”

“ஒரு முறைப்பாடு?”

“ஒண்ணும் வந்ததில்லீங்க. வந்தாலும் இந்தப் பையிலதானே வரணும்.”

பணிப்பாளருக்குக் கண் கலங்கியது என்று றஹீம் பிறகு பலரிடம் சொன்னார். அமெரிக்காக்காரன் கம்பியும் செய்மதியும் வைத்துத் தேடிக்கொண்டிருந்த ஏற்பாடு, பூனாகலை மலையில் நூறு வருடமாகத் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வேனில் ஏறும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். வெளிச் சேவை எதுவும் தேவையில்லை. சபையே மின்னஞ்சல் சேவை நடத்தும்.

அதன் பெயர் ஊவா மின்தபால். அதன் அமைப்பு இப்படி: மாகாணத்தின் சிறுதொழில் அனைத்துக்கும் ஒரே பெட்டி. பெட்டி பணிப்பாளரின் மேசைக் கம்பியூட்டரில். காலை ஒன்பது மணிக்கு உறை கழற்றப்படும், மாலை நாலேகாலுக்குப் போர்த்தப்படும். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களில் கழற்றப்பட மாட்டாது. கடிதம் வந்ததும் அச்செடுத்து, பணிப்பாளர் வாசித்து ஒப்பமிட்டு, றஹீம் திகதி முத்திரை குத்துவார். பிறமொழிக் கடிதம் என்றால் மொழிபெயர்ப்பாளருக்குப் போகும். அவர் மொனராகலைக்கு மாற்றலாகியிருந்ததால் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வரும். பிறகு தபால் பை, தோட்டத்து ஆபீஸ், பெரட்டு. ஹஸீப் நானா போட்டுக் காட்டிய படத்தில் இருந்த எல்லாம் இதிலும் இருந்தது, எண்ணிக்கைதான் கூட.

ஒக்டோபர் மூன்றாம் திகதி திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்றிக் கம்பியூட்டருக்கு மாலை போட்டார்கள். மாலையின் ஈரம் உள்ளே இறங்கி அரை மணி நேரம் திரை வெளிறிப் போனது. ராசம்மாவை முதற் பயனாளியாக மேடையில் ஏற்றி, அவளுடைய மின்னஞ்சல் முகவரி பொறித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். பலகை மூன்றடி நீளம்.

பணிப்பாளர் பேசினார். “இண்டைக்கு உலகம் சொல்லுது, கடிதம் ஒரு நொடியில போகுதெண்டு. நான் கேக்கிறன், ஒரு நொடியில போற கடிதத்தை ஆர் பாக்கிறது, ஆர் கையெழுத்து வைக்கிறது? எங்கட சபை வேகத்துக்கு எதிரானதில்லை. வேகமும் உரிய அதிகாரியூடாக வர வேணும். தோட்டத்துச் சகோதரிகளுக்கு ஒண்டு சொல்லுவன். நீங்கள் நூறு வருஷமா ஒரு கடிதத்தையும் நேர வாங்கினதில்லை. அதால உங்களுக்கு ஒரு குறையும் வரேல்லை. வந்திருந்தால் எங்களுக்கு எழுதி அறிவிச்சிருப்பியள்.”

கைதட்டல் ஓய்ந்ததும் ராசம்மா மெதுவாகக் கேட்டாள்: “ஐயா, பாஸ்வேர்ட்னு ஒண்ணு இருக்காமே. அது எங்கிட்ட வேணாங்களா?”

“அது ரகசியம் பிள்ளை. இரும்புப் பெட்டியில இருக்கு. உங்களுக்குச் சொன்னால் பிறகு அது எப்பிடி ரகசியம்?”

புதிய முகவரியை அன்றே ஹஸீப் நானா பெல்ஜியத்துக்குத் தொலைநகலில் அனுப்பினார். ஓடர் படிவம் ஐந்தாம் திகதி வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தில் இருந்து பதுளைக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு நொடி. நிசாந்தினி அதைக் கவனித்துக் குறித்தும் வைத்தாள்.

பதுளையில் இருந்து மூங்கில்மலைக்கு ஏழு நாள். நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் படம் என்பதால் மொழிபெயர்ப்பு விரைவாக முடிந்தது. பன்னிரண்டாம் திகதி காலை பெரட்டில் ராசம்மாவின் பெயர் கூப்பிடப்பட்டது. பதில் இல்லை. பதின்மூன்றிலும் இல்லை, பதினாலிலும் இல்லை. பதினைந்தாம் திகதி கிளாக்கர் உறைமேல் “ஆள் வேலைக்கு வரவில்லை” என்று எழுதிப் பையில் போட்டார். சபை அதை முறைப்படி ஆங்கிலத்தில் பெயர்த்து, படிவத்தோடு பெல்ஜியத்துக்குத் திருப்பி அனுப்பியது.

அன்று மாலை பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் செவனம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். “அக்கா, மூணு நாளா ஒம்பேர பெரட்டுல கூப்புடுறாங்க. செத்துப்போன கெழவி ராசம்மாவத்தான் கூப்புடுறாங்கன்னு நாங்க பேசாம இருந்துட்டோம்.”

“ஏன்டி, கெழவிக்கு யாருடி கடுதாசி போடப் போறா?”

“ஆபீசுல கூப்புட்டா யாரு காரணம் கேப்பா? அதுக்கு இன்னும் கோதும மாவு பங்கு கூட வருதுன்னு பேச்சு.”

ராசம்மா ஆபீசுக்கு ஓடினாள். பெரிய கிளாக்கர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, கூப்புடு தூரத்துல நான் இருக்கேன். ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதுங்களா?”

“இங்க பாரு ராசம்மா. பெரட்டுல நின்னு, பேரு கூப்புட்டா ஆஜருன்னு சொல்றவங்களுக்குத்தான் கடுதாசி. நீ பெரட்டுக்கு வரல்ல.”

“நான் பேரு வெட்டிட்டேங்களே. வந்து நிக்கலாங்களா?”

“பேரு இல்லாத ஆளு எப்பிடி பெரட்டுல நிக்கிறது? தொர பாத்தா என்னைய ஏசுவாரு.” அவர் திறப்பைச் சட்டைப்பையில் போட்டார். வஞ்சனையாக எதுவும் சொல்லவில்லை. வழியில் வழுக்கும், பார்த்துப் போகச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை அவள் பதுளையில் நின்றாள். பணிப்பாளர் உட்காரச் சொன்னார்.

“நல்ல கடிதம் பிள்ளை. நான் ரெண்டு தரம் வாசிச்சன். அந்தப் பெண்மணியின்ர ஆங்கிலம் நல்ல சுத்தம்.”

“என்ன எழுதியிருக்குங்க ஐயா?”

“அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உங்கட கடிதத்தை நான் சொன்னால் அது வாய்மொழித் தகவல். நாளைக்கு ஒரு பிழை வந்தால் ஆர் பொறுப்பு?” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அது திரும்பிப் போனவுடன அவ இன்னொண்டு அனுப்பியிருக்கிறா. நேற்று வந்தது. அதுவும் நல்ல கடிதம். இப்ப மொனராகலையில இருக்குது.”

வெளியே வராந்தாவில் நிசாந்தினி கோப்போடு எதிரே வந்தாள். நடையை நிறுத்தாமல், பார்வையைக் கோப்பில் வைத்தபடியே, “திரும்பப் படிவம் அனுப்பியிருக்கிறா. இருவத்தேழாம் திகதி வரைக்கும் தவணை,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் யாரோ கண்டு சொல்லி, அவளிடம் விளக்கம் கோரி ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. அது கையில் நேரே கொடுக்கப்பட்டது.

ஹஸீப் நானா தன் கடை முகவரியில் இருந்து பெல்ஜியத்துக்கு எழுதிப் பார்த்தார். இலவச முகவரி, நாலு நொடியில் திரும்பி வந்தது. தொலைநகல் அனுப்பினார். ஓடர் விஷயம் பதிந்த மின்னஞ்சல் முகவரியில் இருந்து மட்டும் என்று அச்சடித்த பதில் வந்தது. டெலிபோன் எடுத்தார். பதிவு செய்த குரல் ஒன்று விளங்காத மொழியில் பேசி முடித்து வைத்துவிட்டது. “மெஷின்ல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி,” என்றார். தான் நேசித்த ஒன்றைக் காப்பாற்றும் குரலில் சொன்னார். “அது சரியாத்தான் வேல செய்யிது.”

ஆக வழி ஒன்றுதான் இருந்தது. கடிதம் பெரட்டுக்கு வரும். பெரட்டில் நிற்கப் பேர் வேண்டும். இருபதாம் திகதி காலை ராசம்மா ஆபீஸ் யன்னலில் போய்ப் பேர் பதியக் கேட்டாள்.

“ஒருக்கா பதிஞ்சா ஆறு மாசத்துக்கு வெட்ட ஏலாது. தெரியுந்தானே?” என்றார் கிளாக்கர்.

“தெரியுங்க. கடுதாசி வந்துட்டா அந்த ஆறு பேரும் தைப்பாங்க. நான் அந்தியில வந்து தைப்பேன்.”

அவள் பின்னால் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆறு பெண்களில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

“மூணு வாரமா துணியும் வரல்ல, ஓடரும் வரல்ல அக்கா,” என்றாள் ஒருத்தி, யன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு. “எங்க வீட்ல ஏசுறாங்க.”

ராசம்மா ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டாள்.

அடுத்த நாளில் இருந்து அவள் காலை ஆறரைக்குப் பெரட்டில் நின்றாள். முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. பெயர் கூப்பிட்டதும் ஆஜர் என்றாள். கடிதப் பை திறக்கும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு ஏறினாள். இருபத்தைந்து வந்தது, கடிதம் வரவில்லை. இருபத்தேழு போனது. முப்பத்தொன்றாம் திகதி கிளாக்கர் பைக்குள் கை விட்டு நீளமான ஒரு உறையை எடுத்தார்.

“ராசம்மா.”

“ஆஜருங்க.” அவளுடைய குரல் பெரட்டு முழுக்கக் கேட்டது.

கிளாக்கர் உறையோடு சபையின் புத்தகம் ஒன்றையும் நீட்டினார். அதில் அச்சடித்த ஒரு வரி: கடிதம் உரிய காலத்தில், நல்ல நிலையில் கிடைத்தது, சேவையில் முழுத் திருப்தி.

“படிச்சிட்டுக் கையெழுத்துப் போடலாங்களா?”

“போட்டாத்தான் கடுதாசி.”

போட்டாள். உறையைக் கிழித்தாள். மூன்று வரிதான் இருந்தது. தவணைக்குள் பதில் வராததால் நவம்பர் மாதத் தேவைக்கு வேறு நாட்டில் ஓடர் கொடுத்துவிட்டோம். வேலைக்கு வராதவர் என்று தங்கள் அதிகாரியே எழுத்தில் அறிவித்த ஒருவரோடு தொழில் செய்ய எங்கள் கம்பனி விதி இடம் தராது. தங்கள் எதிர்காலத்துக்கு நல்வாழ்த்துகள்.

ராசம்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது ஓடர் படிவம் எங்கே என்று கேட்டாள். அது நாலு பக்கம், இது மூன்று வரி. சின்னக் கடிதங்களை மொழிபெயர்ப்பது சுலபம் என்பதால் இது முந்திக்கொண்டது. படிவம் நவம்பர் ஒன்பதாம் திகதி ஒழுங்காக வந்து சேர்ந்தது. பையின் படம் வர்ணத்தில் இருந்தது. அதற்கும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வருட முடிவில் சபை தன் அறிக்கையை வெளியிட்டது. ஊவா மின்தபாலுக்கு வந்த கடிதங்கள் மூன்று. சரியான ஆளிடம் கொடுத்தவை இரண்டு, விதிப்படி திருப்பியது ஒன்று. தவறியது எதுவும் இல்லை. எழுத்துமூலம் திருப்தி தெரிவித்தவர்கள் நூறு வீதம். இந்தச் சேவையின் விளைவாக முதற் பயனாளிக்குத் தோட்டத்துறையில் நிரந்தரத் தொழிலும் கிடைத்திருப்பதாகப் பணிப்பாளர் முன்னுரையில் எழுதினார். அவர் பொய் எழுதுகிறவர் அல்ல.

அட்டைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. டிசம்பரில் ஒரு முற்பகல், பணிப்பாளரும் ஒரு படப்பிடிப்பாளரும் ஏழாம் நம்பர் மலைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். தையல் மெஷினோடு நிற்கிற படம்தான் எடுக்க நினைத்திருந்தார்கள். கோடிக் காம்பிரா பூட்டியிருந்தது. மழைத் தூறலில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளை, அந்தக் கூடையை இறக்கி வைச்சிட்டு இஞ்சால வந்து நில்லுங்கோ,” என்றார் பணிப்பாளர். “சிரிச்ச முகமா. கையில கடிதம் இருந்தால் இன்னும் நல்லது.”

ராசம்மாவின் கை நிற்கவில்லை. இரண்டு விரலில் கிள்ளி, தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிந்துகொண்டே இருந்தது.

“கூடைய எறக்குனா கொழுந்து கொறஞ்சி அரப் பேரு போட்டு அர நாச் சம்பளந்தான் தருவாங்க ஐயா,” என்றாள். “பறிக்கிறப்பவே எடுத்துக்கச் சொல்லுங்க.”

படப்பிடிப்பாளர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார்.

“அது விதியில இருக்குதோ?”

“இருக்குங்க.”

“அப்ப சரி,” என்றார் பணிப்பாளர், அவள்மேல் உண்மையான மதிப்போடு. “அப்பிடியே எடுங்கோ.”